படத்தில் உள்ளபடி நிற்கவும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதைப் பற்றி நான் வெட்கப்பட்டதே கிடையாது. பதினாறு வருஷமாக இந்த பிசியோதெரபி சென்டரில் இருக்கிறேன். இடுப்பு ஒடிந்தவர்களிடமும் முட்டி மாற்றியவர்களிடமும் "கண்ணு, ராஜா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தால் ஒருத்தரும் கட்டிலை விட்டு இறங்க மாட்டார்கள். அதட்டினால்தான் கால் நகரும். எனக்குப் பின்னால் 'ஹெட்மிஸ்ட்ரஸ்' என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எல்லாம் ஒரு தாளில் ஆரம்பித்தது. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை நான் வாயால் சொல்லி அனுப்புவேன். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுவார்கள். சரி, படம் போட்டே கொடுத்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தி ஐந்து போட்டோ எடுத்தேன். மனுஷன் வாழ்க்கையில் குனிந்து ஒரு பேப்பரை எடுத்தவரில்லை. "நான் உன் பேஷன்ட்டா, பொம்மையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே படுத்தார், உட்கார்ந்தார், கடைசியில் சாப்பாட்டு மேசையின் நாற்காலி முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார். அதுதான் ஐந்தாவது பயிற்சி. ஆபரேஷன் ஆன காலை ஊன்றி, மற்ற காலைத் தூக்கி, இருபது விநாடி.

லேப்டாப்பில் நானே டைப் செய்தேன். வயசானவர்களுக்குக் கண் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொரு படத்தையும் மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிசாக்கினேன். அப்படியே பிடிஎஃப் ஆக்கினால் இரண்டு பக்கம் என்று காட்டியது. ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று வாக்கியங்களை வெட்டித் தள்ளினேன். 'உறுதியான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு' என்று ஆரம்பித்த ஐந்தாவது வாக்கியம் கடைசியில் 'படத்தில் உள்ளபடி நிற்கவும், 20 விநாடி' என்று ஆனது. நாற்காலிதான் படத்திலேயே இருக்கிறதே, அதை எதற்கு எழுத்திலும் சொல்லிக்கொண்டு? மறுபடி பிடிஎஃப் ஆக்கி, போனில் திறந்து, எழுத்துப்பிழை மட்டும் பார்த்துவிட்டு ரிசப்ஷனில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். அவர் பிரின்ட் எடுத்து அடுக்கி வைத்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணி பேட்ச்சில் ஒன்பது பேர். எல்லோருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். வாத்தியார் பரீட்சைத் தாள் கொடுப்பது மாதிரி கொடுத்தேன் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்த ஒன்பது பேரில் ஒருவர் டிரைவர் ஐயா. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு ஒடிந்து, உள்ளே கம்பி வைத்து ஆபரேஷன் செய்திருந்தது. அவருக்கு இந்த ஆறு வாரம்தான் கணக்கு. இதில் காலுக்குப் பலம் ஏற்றிவிட்டால் கைத்தடி இல்லாமல் நடக்கலாம். விட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்க யாராவது பிடித்துத்தான் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும். இதை நானே அவரிடம் மூன்று தடவை சொல்லிப் பயமுறுத்தியிருந்தேன். சென்டர் ஹாலில் சுவரோரமாக இருக்கும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நன்றாகவே நின்றார்.

தாள் கொடுத்து பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை, எல்லோரும் இருக்கும்போது மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"மேடம், அந்த அஞ்சாவது மட்டும் என்னால முடியல."

"எது, ஒத்தைக் கால்ல நிக்கிறதா? இங்க நிக்கிறீங்களே?"

"இங்க நிக்கிறேன். வீட்டுல, பேப்பர்ல இருக்கிற மாதிரி நிக்க வரமாட்டேங்குது."

எனக்குச் சுள்ளென்று வந்தது. காலையிலிருந்து ஏழு பேரிடம் சாக்குக் கேட்டுக் காது புளித்திருந்தது. இது எட்டாவது என்று நினைத்தேன்.

"ஐயா, படத்துல நிக்கிறது யார் தெரியுமா? எங்க வீட்டுக்காரர். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குற ஆளு. அவரே நிக்கிறாரு, உங்களுக்கு என்ன கேடு? பஸ்ஸையே கட்டி மேய்ச்சவருக்கு ஒரு காலைக் கட்டி மேய்க்க முடியலையா?"

சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பு வந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் ஏறும். அது என் வியாதி. ஹாலைப் பார்த்துத் திரும்பினேன்.

"எல்லாரும் வீட்டுல செய்றீங்கதானே?"

"செய்றோம் மேடம்!" என்று எல்லோரும் பள்ளிக்கூடம் மாதிரி சொன்னார்கள்.

"கேட்டீங்களா? மனசு வைக்கணும் ஐயா. மனசு இல்லன்னா எதுவும் வராது."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் கம்பிக்குத் திரும்பிப் போனார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். ரோஷம் வந்திருக்கிறது, நல்லதுதான் என்றுதான் எண்ணினேன்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. அவருக்குப் பதிலாக அவர் மகள் வந்தாள். சென்டரிலிருந்து பயிற்சிக்கு இரவல் கொடுத்திருந்த ரப்பர் பட்டையையும் மடித்த ஒரு தாளையும் ரிசப்ஷன் மேசையில் வைத்தாள்.

"அப்பா இனிமே வரமாட்டாராம் மேடம். எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். படுத்தே கிடக்குறார். நான் இதுக்கெல்லாம் லாயக்கில்லன்னு சொல்றார்."

"ஏன், என்ன ஆச்சு?"

"தெரியல. கேட்டா, இதையெல்லாம் அங்கேயே கொடுத்துடுன்னு மட்டும் சொன்னார்."

அவள் வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு ரோஷமா? அந்தக் கோபத்தோடுதான் தாளைப் பிரித்தேன்.

என் வீட்டுக்காரர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். வலது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. மணிக்கட்டு வரைக்கும் இருந்தது; அதோடு தாள் முடிந்துவிட்டது. கை விரல்களைக் காணோம். நாற்காலியைக் காணோம். அந்தரத்தில் கையை நீட்டி, சர்க்கஸ்காரன் மாதிரி எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்தில்: படத்தில் உள்ளபடி நிற்கவும், 20 விநாடி.

என் வாய் சும்மா இருக்குமா? உடனே அக்காவிடம் பாய்ந்தேன்.

"என்னக்கா இது? பிரின்ட் எடுக்கும்போது பாக்க மாட்டீங்களா? ஓரம் மொத்தமா போயிருக்கு! இதைத்தான் இத்தனை பேருக்குக் கொடுத்தீங்களா?"

அக்கா நிதானமானவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஆனால் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"நீங்க அனுப்பினதை அப்படியே எடுத்தேன் மேடம். வாங்க, பாத்துடலாம்."

பிடிஎஃப்பைத் திறந்தார். திரையிலும் நாற்காலி இல்லை. "அப்படின்னா கம்ப்யூட்டர் சாப்பிட்டுடுச்சு" என்று சொல்லி என் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அதில் நாற்காலி முழுசாக இருந்தது, நான்கு காலோடு. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பாருங்கள், நான் சரியாகத்தான் செய்திருக்கிறேன்! மறுபடி பிடிஎஃப் ஆக்கினேன்; நாற்காலி போயிற்று. வேறு பெயரில் சேமித்து ஆக்கினேன், போயிற்று. படத்தை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டு, பழையபடி இழுத்துப் பெரிசாக்கி, மறுபடி ஆக்கினேன்; மறுபடியும் போயிற்று. லேப்டாப்பை, அதைச் செய்தவனை, விற்றவனை எல்லாம் திட்டித் தீர்த்தேன்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேடம், உங்க திரையில பேப்பரோட ஓரமே தெரியலையே. பேப்பர் எங்க முடியுது?"

"ஓரமா? எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு."

"அதான். இது வெப்சைட் மாதிரி பாக்கிற முறை. இதுல பக்கம்னு ஒண்ணு கிடையாது, திரை எவ்வளவோ அவ்வளவும் பேப்பர் மாதிரி காட்டும். இருங்க." எதையோ ஒரு தட்டுத் தட்டினார்.

திரையில் திடீரென்று ஒரு தாளின் உருவம் வந்தது. சுற்றிலும் சாம்பல் நிறம். என் வீட்டுக்காரர் தாளுக்குள் நின்றார். அவர் கை தாளின் ஓரம் வரை வந்து நின்றுவிட்டது. நாற்காலி மொத்தமும் தாளுக்கு வெளியே போய்விட்டது.

"நீங்க இழுத்துப் பெருசாக்கினதுல வெளியே போயிடுச்சு மேடம். மத்த நாலு படமும் ஒடுக்கமானது, தப்பிச்சுது. பேப்பர் எங்க முடியுதுன்னு தெரியாமலே டைப் பண்ணியிருக்கீங்க." குத்திக்காட்டும் குரல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். படத்தின் மூலையைப் பிடித்து உள்ளே தள்ளினார். நாற்காலி வந்து உட்கார்ந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாக்கியத்தை எந்தக் கம்ப்யூட்டரும் வெட்டவில்லை. 'நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு' என்பதை நான்தான் என் கையால் அழித்தேன். அது இருந்திருந்தால் படம் போனாலும் அவர் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். இரண்டரை வாரமாக அந்தத் தாளைக் கொடுத்தேனே தவிர ஒரு தடவைகூட நான் அதைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே.

"மன்னிச்சிருங்கக்கா. கத்திட்டேன்."

"அது பரவாயில்ல மேடம்" என்றார். பிறகு தாளைத் திருப்பிக் காட்டினார். "பின்னாடி பாத்தீங்களா?"

பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தது. பஸ்ஸில் டிரிப் எழுதுவது போல தேதி, நேரம், விநாடி, குறிப்பு என்று நான்கு கட்டம். முதல் நாள் 4 விநாடி. அடுத்து 6. அடுத்து 5. அடுத்து 7. ஐந்தாம் நாள், விநாடி எழுதவில்லை, குறிப்பில் 'விழுந்தேன்'. ஆறாம் நாள் 3. அப்புறம் 3, 4, 4, 5. பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை, நான் அவரை வைத்து எல்லோரையும் சிரிக்க வைத்த அதே வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணி: 'விழுந்தேன்'. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கட்டம் மட்டும் மாசக் கடைசி வரை போட்டு வைத்திருந்தார்.

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து நிற்கவும் முடியவில்லை. இந்தத் தாளை யார் யாருக்குக் கொடுத்தோம் என்று அக்காவைப் பட்டியல் எடுக்கச் சொன்னேன். முப்பத்தொரு பேர். மற்றவர்களாவது விழாமல் இருக்க வேண்டுமே என்று ஒவ்வொருவராகப் போன் போட்டேன். முதலில் முட்டி மாற்றிய டெய்லரம்மா.

"செய்றேன் மேடம், தினம் செய்றேன். நல்லாவே நிக்கிறேன்."

"எதையும் பிடிக்காமலாம்மா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், திட்டாதீங்க. ரெண்டாம் நாளே விட்டுட்டேன். பயமா இருந்துச்சு. நீங்க கேட்டப்ப எல்லாரும் செய்றோம்னு சொன்னாங்க, நானும் சொல்லிட்டேன்."

அடுத்தது கணக்கு டீச்சர். ஊருக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் என்னிடம் நடுங்கியது. "நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் செஞ்சேன் மேடம். தப்புன்னு தெரியும். மறைக்கணும்னு இல்ல. சாரி மேடம்." சரியாகச் செய்ததற்காக அந்த அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அன்று முழுக்க இதே கதை. விட்டுவிட்டவர்கள், தொடவே தொடாதவர்கள், திருட்டுத்தனமாக மேசையைப் பிடித்தவர்கள். நல்லவேளை, வேறு யாரும் விழவில்லை. ஆனால் பத்து மணி பேட்ச்சில் அன்று "செய்றோம் மேடம்" என்று சொன்ன எட்டுப் பேரில், படத்தில் உள்ளபடி செய்தவர் ஒருத்தர்கூட இல்லை. எட்டுப் பேரும் என் வாய்க்குப் பயந்து பொய் சொல்லியிருந்தார்கள். அதட்டினால்தான் கால் நகரும் என்று பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நகர்ந்ததெல்லாம் இப்படித்தானா என்று யோசித்தபோது மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் மத்தியானம் டிரைவர் ஐயா வீட்டுக்குப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என் குரல் கேட்டதும் அவசரமாக எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டார். இடது முழங்கையில் பெரிய நீலக் கன்றல். மகளிடம் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லி வைத்திருந்தாராம். காலை அசைத்துப் பார்த்தேன், இடுப்பை அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

அக்கா சரிசெய்த புதுத் தாளை அவர் கையில் கொடுத்தேன். "ஐயா, தப்பு என்னோடது. படம் வெட்டுப்பட்டுப் போச்சு. நான் பாக்காமலே கொடுத்துட்டேன்."

அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு விரலால் நாற்காலியைத் தொட்டார்.

"அப்ப இவரும் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னாரா?"

"ஆமாங்கய்யா."

"நீங்க அவரே நிக்கிறாருன்னு சொன்னீங்களே."

வாய் நீளம் என்று சொன்னேனே, அந்த வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

"கையில எதையும் பிடிக்காம எப்படி நிக்கிறார்னு தினம் பாத்தேன் மேடம்" என்றார். "முப்பத்தொரு வருஷம் போர்டுல என்ன போட்டிருக்கோ அதைத்தான் செஞ்சேன். நாமளா ஒண்ணு சேத்துக்கக் கூடாதுல்ல. நீங்க சொன்ன அன்னிக்கு வீட்டுக்கு வந்து, இன்னிக்கு இருபது எண்ணாம காலைக் கீழ வைக்கக் கூடாதுன்னு நின்னேன், விழுந்துட்டேன். சரி, மனசு இல்லாதவனுக்கு வராதுன்னு விட்டுட்டேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் தலை நிமிரவில்லை.

"செவ்வாய்க்கிழமை வாங்கய்யா. இன்னும் நாள் இருக்கு, காலைச் சரி பண்ணிடலாம்."

"அங்க எப்படி மேடம் வர்றது? எல்லாரும் செய்றாங்க. நான் ஒருத்தன்தானே லாயக்கில்லாதவன்."

"யாரும் செய்யலைய்யா. எல்லாரும் எனக்குப் பயந்து பொய் சொல்லியிருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீங்க."

அவர் அதை உடனே நம்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மடித்து மடியில் வைத்தார்.

"வர்றேன். ஆனா நீங்க என்னை அங்க எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. இங்க நாலு சுவத்துக்குள்ள வந்து சொல்லிட்டுப் போனா எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கேயும் சொல்லுங்க. அன்னிக்குக் கேட்ட கேள்வியையும் கேளுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஸ்டாப் எது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். அந்த இரண்டு நாளும் எப்படியாவது லீவு போட்டுவிடலாமா என்று யோசித்தேன், மறைப்பானேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி. ஒன்பது பேரும் இருந்தார்கள். டிரைவர் ஐயா கைத்தடியோடு கடைசியில் நின்றார். அக்கா ரிசப்ஷனிலிருந்து எட்டிப் பார்த்தார். பழைய தாளையும் புதுத் தாளையும் இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். படத்தை இழுத்தது, எழுத்தை வெட்டியது, பார்க்காமல் கொடுத்தது, ஐயாவை எல்லோர் முன்னாலும் பேசியது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் அந்தக் கேள்வி. என் குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

"எல்லாரும் வீட்டுல செய்றீங்கதானே?"

முதலில் டெய்லரம்மா, தரையைப் பார்த்துக்கொண்டே, "இல்ல மேடம்" என்றார். அப்புறம் கணக்கு டீச்சர். அப்புறம் ஒவ்வொருவராக, மெதுவாக, "இல்ல மேடம்", "இல்லீங்க மேடம்". எட்டும் முடிந்தது. எல்லோரும் கடைசி ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டிரைவர் ஐயா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் செஞ்சேன் மேடம்" என்றார். "பதினோரு நாள்."

அவருடைய பென்சில் கட்டம் போட்ட தாள் என் இடது கையில்தான் இருந்தது. ஆமாங்கய்யா, நீங்க ஒருத்தர்தான் செஞ்சீங்க என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். முதல் தடவை குரல் எழும்பவில்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது தடவை சொன்னேன்.